மஞ்சள் சிவந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

பால் காய்ச்சிக் குடியேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைச் சுவரில் தெறித்த சாம்பாரைத் துடைக்க ஈரத்துணியை வைத்தேன். துணி வழுக்கியது. தட்டு கழுவும்போது சோப்பு விரலில் வழுக்குமே, அந்த வழுக்கல். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததும் தந்த நிற எனாமல் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே சிமெண்ட் பூச்சு கருத்துக் கிடந்தது. தொட்டால் சில்லென்று ஈரம்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். எனாமல் பெயிண்ட் எண்ணெய் வகையைச் சேர்ந்தது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, உண்டாகிறது. புதுப் பூச்சின் காரத்தன்மை பி.எச். அளவில் 12, 13 வரை இருக்கும். அதன்மேல் எனாமலை அடித்து, ஈரத்தையும் உள்ளே பூட்டி வைத்தால் வேறு என்ன ஆகும்? சொந்தச் செலவில், சமையலறைச் சுவர் முழுக்க சோப்பு காய்ச்சியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீடு முழுக்க நடந்து பார்த்தேன். கூடத்து ஜன்னலுக்குக் கீழே இளம்பச்சை பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்திருந்தது. குளியலறையை ஒட்டிய சுவரில் பஞ்சுபோல உப்பு பூத்திருந்தது. மற்ற இடங்களில் ஒரே நிறமாக இருந்த பெயிண்ட், கரண்ட் பைப்புக்காகக் காடி வெட்டிப் பூசிய இடத்தில் மட்டும் வரிவரியாக வெளுத்துத் தெரிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாசத் தவணை பத்து வருஷம் இருக்கு, பெயிண்ட் ரெண்டு மாசமா?" என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் வீடு சீர்காழிக்குக் கிழக்கே, கடல்காற்று அடிக்கும் தூரத்தில். பூச்சு வேலை ஐப்பசி கடைசியில் முடிந்தது. கார்த்திகை முழுக்க மழை. தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அச்சாகிவிட்டது. மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் பெயிண்டர் வந்து பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பசை) பார்க்கத் தொடங்கினார். "சுவர் காஞ்சிடுச்சா?" என்று கேட்டதற்கு, "28 நாள் தாண்டிடுச்சு டீச்சர், கணக்கு சரியா இருக்கு" என்றார்.

கணக்கு சரிதான். அதுதான் வேடிக்கை. 28 நாள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், பெயிண்ட் கம்பெனிக் குறிப்புகளிலும் இருக்கிறது. ஆனால் கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வைத்திருக்கும் நாளும் அதே 28 தான். சிமெண்ட் இறுகுவதற்கும் சுவர் காய்வதற்கும் சம்பந்தம் குறைவு. இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும், காய்வதற்குத் தண்ணீர் வெளியே போக வேண்டும். வைகாசி வெயிலில் 28 நாள் காய்ந்த சுவரும், கார்த்திகை அடைமழையில் 28 நாள் நின்ற சுவரும் ஒன்றா? நாள்காட்டியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று.

அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) முன்பே சொன்னார். "முதல் வருஷம் வெள்ளை அடிச்சு விடும்மா. அடுத்த பொங்கலுக்குக் கலர் அடிச்சுக்கலாம்." அவர்கள் காலத்து வழக்கம் அது. புது வீட்டுக்கு முதலில் சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்து, இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வச்சிரப் பசையும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து அடிப்பார்கள். காசில்லாதவர்கள் வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். சுண்ணாம்பே காரம் என்பதால் சுவரின் காரம் அதை ஒன்றும் செய்யாது. அது ஈரத்தை மூடியும் வைக்காது, சுவர் பாட்டுக்குக் காய்ந்துகொண்டே இருக்கும். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு எந்த இடத்தில் ஓதம் ஏறுகிறது, எங்கே விரிசல் விடுகிறது என்பது வெள்ளையில் பளிச்சென்று தெரிந்துவிடும். அதன்பின் சுரண்டிவிட்டுக் கலர் அடிப்பது. இதெல்லாம் பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, ரிப்பேர். பெயிண்டர் சொன்ன முதல் யோசனை, பொரிந்த இடத்தை மட்டும் சுரண்டி, பட்டி வைத்து, மேலே ஒரு கை அடித்துவிடலாம் என்பது. கடைக்காரர் சொன்ன யோசனை, ஓதம் தடுக்கும் பெயிண்ட் ஒன்றை வாங்கி அடிப்பது. இரண்டையும் மறுத்தேன். வெளியேற வழி தேடும் ஈரத்தின் வாயை ஒரு இடத்தில் அடைத்தால் அது அதற்கு மேலே ஓரடி ஏறி வேறு இடத்தில் கிளம்பும். எங்கள் ஊர் பழைய வீடுகளில், மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிய சுவரில் நாலாவது அடியில் உப்பு பூத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். குளியலறைச் சுவரில் குழாய் இணைப்பு ஒன்று கசிந்தது. கூடத்து ஜன்னலின் வெளிப்பக்க சன்ஷேடில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கியது. மூன்றாவது காரணம்தான் எனக்குத் தோன்றியே இருக்காது. எங்கள் போர்த் தண்ணீர் உவர். குளித்தால் தலைமுடி பிசுபிசுக்கும். அந்தத் தண்ணீரில்தான் கலவை போட்டிருக்கிறார்கள், அதைத்தான் பத்து நாள் சுவரில் பாய்ச்சியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாளியிலும் உப்பைக் கரைத்துச் சுவருக்கு ஊட்டிய மாதிரி. கட்டட வேலைக்கான தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூலில் அளவு இருக்கிறது. இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. நான் பெயிண்ட் உரிந்த பிறகு செய்தேன்.

குழாயையும் சன்ஷேடையும் சரிசெய்துவிட்டு, சமையலறை எனாமலையும் கூடத்தில் பொரிந்த சுவரையும் பட்டித் தகட்டால் பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுத்தோம். தட்டிப் பார்த்து 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்ட இடத்தில் பூச்சையே வெட்டி எடுத்தோம். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சுவரை அப்படியே விட்டேன். வந்த விருந்தாளிகள் எல்லாம் "புது வீடுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். அக்னி நட்சத்திரத்தை இவ்வளவு ஆசையாக நான் வரவேற்றது அந்த ஒரு வருடம்தான்.

உப்பைத் துடைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்பி வரும். காய்ந்த தேங்காய் நார் பிரஷால் தேய்த்து, கீழே விரித்த செய்தித்தாளில் உதிர்த்து, அதை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி பூத்திருக்கும். மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குறையும். ஐந்தாவது தடவை கிட்டத்தட்ட நின்றது. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த ரிப்பேருக்கு மட்டும் 38,000 ரூபாய் ஆனது. அதற்கு ஈடாகக் கிடைத்த பாடத்தை அடுத்த வருடம் மாடியில் ஓர் அறை எடுத்தபோது பயன்படுத்திக்கொண்டேன்.

மாடி அறைக்கு வெளியிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வாங்கினேன். செங்கலை நனைத்துவிட்டுப் பூசச் சொன்னேன். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமெண்ட் இறுகத் தண்ணீர் இருக்காது, பூச்சு மாவாக உதிரும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசினோம். கீழே வீட்டில் அந்தக் கோடு அத்தனையிலும் விரிசல் விட்டிருந்தது. உள்பூச்சு 12 மில்லிமீட்டர்.

கொத்தனாருக்கும் எனக்கும் ஒரே ஒரு சண்டைதான். பூச்சைச் சமன்செய்யும் மணியாசுக் கட்டையால் தேய்த்து முடித்ததும், மேலே சிமெண்ட் பால் பூசிக் கரண்டியால் கண்ணாடி மாதிரி இழைத்துவிடப் போனார். "பார்க்க மழமழன்னு இருக்கும் டீச்சர், பட்டிச் செலவு மிச்சம்." அப்படி இழைத்தால் மேலே வருவது வெறும் சிமெண்ட் ஏடு. அதில் மயிர் விரிசல் வலைபோல் ஓடும், பட்டியும், பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் ப்ரைமரும் பிடிக்கப் பிடிமானம் இருக்காது. கட்டை தேய்த்த சொரசொரப்போடு விடச் சொன்னேன். முகம் சுளித்தார். அவருடைய கைத்திறமையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

பூசிய மறுநாளிலிருந்து பத்து நாள், காலை, மதியம், சாயங்காலம் தண்ணீர். ஏழு நாளுக்குக் குறையக்கூடாது. ஆனி மாத வெயிலுக்கு ஏழு போதாது என்று நானாகக் கூட்டிக்கொண்டேன். அதன்பின் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து போட்டுக் காயவிட்டேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று வீடே மஞ்சளும் பூவுமாக இருக்கும். காவிரிக்குப் படைத்துவிட்டு வந்த அத்தை, புது அறை வாசலுக்கும் இருக்கட்டும் என்று சுவரில் மூன்று இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "ஏம்மா, நான் குங்குமம் வைக்கவே இல்லையே?" போய்ப் பார்த்தால் மூன்று பொட்டும் ஆரத்தித் தண்ணீர் நிறத்தில் சிவந்திருந்தன.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் பாடத்தில் மஞ்சள் தாள் செய்து, சோப்புத் தண்ணீரில் தோய்த்துச் சிவப்பாக்கிக் காட்டுகிறேன். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாவதை விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் சுவரில் வைத்துப் பார்க்கலாம் என்று அதுவரை தோன்றவில்லை. அத்தை அதை வேறு மாதிரி சொன்னார். "சுண்ணாம்பு இன்னும் அடங்கலை."

காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டுப் பட்டுத்தான் பூச்சின் மேல்பகுதிக் காரம் அடங்குகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை, கதவு மறைக்கும் மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்துப் பார்த்தேன். ஆவணி நடுவில் சிவப்பு போய் ஆரஞ்சானது. ஆவணி கடைசியில் வைத்த பொட்டு மஞ்சளாகவே நின்றது. வைப்பவர்கள் மறைவான இடத்தில் வையுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது. இது மேல்தோலை மட்டும்தான் சொல்லும், உள்ளே காரம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் ஈரம் இல்லை என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அது உள்ளே இருக்கும் காரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஈரத்துக்கு ஒரு முழம் அகலப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இடைவெளி இல்லாமல் அடைத்தேன். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் காலை பத்து மணிவரை, அதாவது 16 மணி நேரமாவது இருக்க வேண்டும். பிரித்தபோது தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, சுவர் அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று பொருள். கீழ்ப்பக்கம், மேல்பக்கம், மேற்குச் சுவர் என்று மூன்று இடத்தில் ஒட்டினேன். மேலே காய்ந்திருந்தது, தரையை ஒட்டிய இடத்தில் துளி கோத்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டேன். பெயிண்டர் போன் எடுக்கவில்லை, கோபம்.

பட்டி விஷயத்தில் ஊரில் ஆளுக்கொரு கட்சி. முதலில் ப்ரைமரா, பட்டியா? எந்தப் பட்டி என்பதைப் பொறுத்தது அது. வெள்ளை சிமெண்ட் பட்டி என்றால் நேராகப் பூச்சின்மேல் வைக்க வேண்டும், சுவரை லேசாக நனைத்துவிட்டு. அதுவும் சிமெண்ட் ஆகையால் பூச்சோடு பூச்சாகப் பிடித்துக்கொள்ளும். கீழே ப்ரைமர் அடித்தால் அந்தப் பிடிப்புக்கு நடுவே ஒரு தோல் போட்ட மாதிரி. டப்பாவில் குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டி என்றால் கீழே ப்ரைமர் வேண்டும். நான் வெள்ளை சிமெண்ட் பட்டி வைத்தேன். இரண்டு கை, மொத்தம் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். குழைத்ததை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைப்பதைப் பார்த்தால் தட்டிக் கேளுங்கள், அந்த இடம் பின்னால் மாவாக உதிரும். பூச்சில் இருக்கும் மேடு பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவதும் தப்பு. அது கொத்தனார் வேலை, பட்டியின் வேலை இல்லை. மயிர் விரிசலை மட்டும் முன்கூட்டியே தகட்டால் கீறி, தூசி தட்டி, விரிசல் அடைக்கும் பசை வைத்துவிட்டோம்.

காய்ந்த பட்டியை உப்புத்தாளால் தேய்க்கும் நாள் வீடே மாவு மில். மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வது போதாது, பெயிண்டருக்கும் உதவியாளருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். தேய்த்ததும் இரவில் டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத அலையெல்லாம் தெரியும். அடுத்த படியை ஆட்கள் தாண்டிக் குதிப்பார்கள்: தூசி துடைப்பது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து இழுத்தால் கை வெளுக்கக் கூடாது. வெளுத்தால் நீங்கள் ப்ரைமர் அடிக்கப் போவது சுவரின்மேல் இல்லை, தூசியின்மேல்.

ப்ரைமர் எதற்கு என்று எனக்கு முன்பு புரிந்ததில்லை, பெயிண்டைத் தள்ளிவிடும் தந்திரம் என்று நினைத்தேன். ஒரு கை தண்ணீரை அள்ளிச் சுவரில் தெளித்துப் பாருங்கள். சில இடத்தில் உடனே உறிஞ்சும், சில இடத்தில் வழிந்து ஓடும். பெயிண்டும் அப்படித்தான். உறிஞ்சும் இடத்தில் அதன் தண்ணீரும் பசையும் சுவருக்குள் போய், மேலே நிறத்தூள் மட்டும் நிற்கும். தொட்டால் கையில் ஒட்டும். கீழே கூடத்தில் காடி பூசிய இடம் வரிவரியாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம், அங்கே ப்ரைமரில் தண்ணீர் ஏகத்துக்கும் ஊற்றியிருந்தார்கள். இந்தத் தடவை காரம் தாங்கும் தண்ணீர் வகை ப்ரைமர் வாங்கினேன், மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும் எண்ணெய் வகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவில் எழுதியிருந்த அளவுத் தண்ணீரை நானே குவளையில் அளந்து ஊற்றினேன். பெயிண்டர் சிரித்துக்கொண்டே, "டீச்சர் லேப் நடத்துறாங்க" என்றார். மேற்குச் சுவர் இன்னும் உறிஞ்சியது, அங்கே மட்டும் இரண்டாவது கை.

நிறம் இரண்டு கை, புரட்டாசியில், மழைக்கு முன்னால் முடிந்தது. வெளிச்சுவருக்கு அந்த வருடம் நிறம் அடிக்கவில்லை. வெள்ளை சிமெண்ட் மட்டும் அடித்து, தண்ணீர் தெளித்து, ஒரு மழையைப் பார்க்க விட்டேன்.

இப்போது யாராவது முகூர்த்தம் குறித்துவிட்டேன், சுவர் காயவில்லை, என்ன செய்ய என்று கேட்டால், உள்ளே சுண்ணாம்பு வெள்ளை அடித்துப் பால் காய்ச்சுங்கள், நிறத்தை வைகாசிக்குத் தள்ளுங்கள் என்கிறேன். வாழைமரமும் மாவிலையும் சீரியல் லைட்டும் இருக்கும்போது சுவரின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? பாதிப் பேர் கேட்பதில்லை. போட்டோவில் வெள்ளைச் சுவர் நன்றாக இருக்காதாம்.

மாடி அறை மூன்று மழை பார்த்துவிட்டது, ஒரு பொருக்கு இல்லை. கீழே கூடத்து ஜன்னலடியில் மட்டும் வருடா வருடம் கார்த்திகையில் ஒரு சாண் அகலத்துக்கு உப்பு எட்டிப் பார்க்கிறது. போர்த் தண்ணீரில் பூசிய சுவர்தானே. செய்தித்தாளை விரித்து, தேங்காய் நார் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போன வருடம் அத்தையும் ஒரு பிரஷோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், வெள்ளை அடித்திருந்தால் என்று மட்டும் சொல்லவில்லை.